பழைய நம்பருக்கும் பதில் சொல்லும் கம்ப்யூட்டர்!

பம்பாய் வி.டி. ஸ்டேஷனுக்குப் பெயர் மாறி வருஷங்கள் பல ஆகிவிட்டன. 1996-ல் அது சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆயிற்று. 2017-ல் "மகராஜ்" என்ற சொல்லும் சேர்ந்தது. ஆனாலும் மாதுங்காவிலும் தாராவியிலும் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு அது இன்றும் வி.டி.தான். கவுண்ட்டரில் நின்று "வி.டி. ஒண்ணு" என்று கேட்டால், "அப்படி ஒரு ஸ்டேஷனே கிடையாது" என்று யாரும் திருப்பி அனுப்புவதில்லை. புதுப் பெயர் அச்சிட்ட டிக்கெட் கைக்கு வந்துவிடுகிறது.

கேட்பவர் வாயில் பழைய பெயர். கொடுக்கும் சீட்டில் புதிய பெயர். நடுவில் இருக்கும் ஆள் இரண்டையும் பொருத்திவிடுகிறார். இந்த வேலை யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் இது நடக்காவிட்டால் கியூ நகராது.

கம்ப்யூட்டருக்குள்ளும் இப்படி ஒரு கவுண்ட்டர் இருக்கிறது. இருபது, முப்பது வருஷங்களுக்கு முன் எழுதப்பட்ட புரோகிராம் வந்து பழைய நம்பரைச் சொல்லிக் கேட்டாலும், அது முகம் சுளிக்காமல் வேலையை முடித்துக் கொடுக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

யார் இந்தக் கெர்னல்?

கம்ப்யூட்டரை நடத்திவைக்கும் மூல ஏற்பாட்டுக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். விண்டோஸ், லினக்ஸ் என்று நாம் கேள்விப்படுபவை எல்லாம் இந்த வகைதான். அதன் நடுநாயகமான பகுதி கெர்னல். நம்மில் பெரும்பாலோர் கையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னலே.

டிஸ்க், மெமரி, நெட்வொர்க் எல்லாம் கெர்னலின் பொறுப்பு. சம்பளக் கணக்குப் போடும் புரோகிராமோ, பாட்டு பாடும் புரோகிராமோ தானாகப் போய் டிஸ்க்கைத் தொட முடியாது. தொடப் போனால் சிப்பே தடுத்துவிடும். "இந்த பைலைத் திறந்து கொடு", "இதை எழுதி வை", "இப்போது மணி என்ன?" என்று கெர்னலிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இப்படிக் கேட்பதற்கு சிஸ்டம் கால் என்று பெயர்.

கேட்பது வார்த்தையில் அல்ல, நம்பரில்! இன்டெல் வகை 32 பிட் கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸை எடுத்துக்கொள்வோம். அதில் 3 என்றால் படி. 4 என்றால் எழுது. 5 என்றால் பைலைத் திற. 6 என்றால் மூடு. 1 என்றால் "என் வேலை முடிந்தது, நான் போகிறேன்" என்று அர்த்தம். புரோகிராம் இந்த நம்பரைச் சிப்பில் அதற்கென்று உள்ள சிறு அறையில் வைத்துவிட்டுக் கெர்னலைக் கூப்பிடும். கெர்னல் தன் பட்டியலைப் பார்த்து, அந்த நம்பருக்கு உரிய வேலையைச் செய்து, விடையை அதே அறையில் வைத்துவிடும்.

முத்திரை வைத்த கடிதம்

இதில் என்ன சிக்கல்? இருக்கிறது.

எழுதி முடித்துத் தயாரான புரோகிராம் முத்திரை வைத்த கடிதம் மாதிரி. அதற்குள் இருக்கும் நம்பர்கள் இருந்தபடியேதான் இருக்கும். மாற்ற வேண்டுமானால் எழுதியவர் தம் மூலப் பிரதியைத் திருத்தி, மறுபடி தயாரித்துக் கொடுக்க வேண்டும். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருக்கலாம். கம்பெனியே மூடியிருக்கலாம். மூலப் பிரதி எந்த அலமாரியில் போயிற்று என்று யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். புரோகிராம் மட்டும் தினமும் காலையில் எழுந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கெர்னலோ ஓரிடத்தில் நிற்பதில்லை. லினக்ஸில் ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு முறை புதிய பதிப்பு வருகிறது. நாளைக்கு ஒருவர் 4-ம் நம்பருக்கு வேறு வேலையைக் கொடுத்துவிட்டால், பழைய புரோகிராமுக்கு அந்த சர்க்குலர் போய்ச் சேராது. அது 4 என்று கேட்டுவிட்டு, எழுதியாகிவிட்டது என்று நம்பிப் போய்விடும். கணக்கு மட்டும் ஏறியிருக்காது.

லினக்ஸைத் தொடங்கியவர் லைனஸ் டோர்வால்ட்ஸ். 1991-ல் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது எழுதத் தொடங்கினார். அவர் இந்த விஷயத்தில் கண்டிப்பான ஒரு விதி வைத்திருக்கிறார். நேற்று வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த புரோகிராம், புதிய கெர்னலைப் போட்டதும் நின்றுபோனால், குற்றம் கெர்னலுடையது, புரோகிராமுடையது அல்ல. 2012 டிசம்பரில் கெர்னல் பொறுப்பாளர் ஒருவர், பழியைப் புரோகிராமின் மேல் போடப் பார்த்தார். டோர்வால்ட்ஸ் அவரைப் பலர் அறியக் கடுமையாகக் கடிந்துகொண்டார்.

புதிதாக வருபவர்தான் வளைந்து கொடுக்க வேண்டும். ஏற்கனவே குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்பதே அந்த விதியின் சாரம்.

கொடுத்த நம்பர் கொடுத்ததுதான்

விதி சொல்வது சுலபம். நடைமுறையில் அதற்குப் பல உபாயங்கள் வேண்டியிருக்கின்றன.

முதல் உபாயம்: ஒரு வேலைக்குக் கொடுத்த நம்பரை வேறு வேலைக்குக் கொடுப்பதில்லை. 32 பிட் லினக்ஸ் பட்டியலில் 17, 31, 32 ஆகிய நம்பர்களுக்குப் பெயர் உண்டு, ஆள் கிடையாது. கேட்டால், "அப்படி ஒரு வசதி இங்கே இல்லை" என்று அர்த்தம் தரும் 38-ம் நம்பர் பிழை வரும். காலியாக இருக்கிறதே என்று அந்த நாற்காலியில் புதியவரை உட்கார வைக்கவில்லை.

எதையுமே எடுத்ததில்லை என்று சொல்ல முடியாது. கெர்னலின் அமைப்புகளை மாற்றுவதற்கு 149-ம் நம்பரில் ஒரு பழைய சிஸ்டம் கால் இருந்தது. அதே வேலைக்கு வேறு நல்ல வழி வந்த பிறகு அதைத் தொடுவாரில்லை. பல வருஷம் எச்சரிக்கை கொடுத்துப் பார்த்து, 2020 ஜனவரியில் வெளிவந்த 5.5 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். அப்போதும் 149 காலியாகத்தான் கிடக்கிறது. உண்மையாக ஒருவர் உபயோகித்துக்கொண்டிருந்து, நின்றுபோயிற்று என்று வந்து சொன்னால், எடுத்ததைத் திருப்பி வைக்க வேண்டும் என்பதே வழக்கம். சண்டை போட ஆள் இல்லாத இடத்தில்தான் கை வைக்கலாம்!

ஒரே நம்பர், இரண்டு அர்த்தம்

2003-ல் இன்டெல் வகைக் கம்ப்யூட்டர்களுக்கு 64 பிட் சிப் வந்தது. அதை முதலில் கொண்டுவந்தது ஏ.எம்.டி. கம்பெனி. 64 பிட் லினக்ஸுக்குப் புதிய நம்பர் பட்டியல் ஒன்றே போட்டார்கள். அதில் 0 என்றால் படி. 1 என்றால் எழுது.

பழைய பட்டியலில் 1 என்றால் என்ன? "நான் போகிறேன்." ஆக, போகிறேன் என்று சொல்ல வந்த பழைய புரோகிராமைப் புதிய பட்டியலில் தேடினால், எழுதச் சொல்வதாக அர்த்தமாகிவிடும். வினை வேறு வேண்டுமா?

இதற்கு வாசலைப் பிரித்துவிட்டார்கள். பழைய புரோகிராம் கெர்னலைக் கூப்பிட உபயோகிக்கும் வாசலின் நம்பர் 128. 64 பிட் புரோகிராம்களுக்கு வேறு புதிய வாசல். பழைய வாசல் வழியாக வந்தால் பழைய பட்டியல். புது வாசல் வழியாக வந்தால் புதிய பட்டியல். ஒரே கெர்னல், இரண்டு கவுண்ட்டர்.

பட்டியலை மாற்றினால் மட்டும் போதாது. பழைய புரோகிராம் கொடுக்கும் பாரத்தில் கட்டங்கள் சிறியவை. மெமரி விலாசத்துக்கு நான்கு பைட் இடம்தான் இருக்கும். புதியதில் எட்டு. கெர்னலுக்குள் தனியாக ஒரு பகுதி உட்கார்ந்து, சிறிய பாரத்தில் இருப்பதைப் பெரிய பாரத்தில் நிரப்பி உள்ளே அனுப்புகிறது. விடை வந்ததும் மறுபடி சிறிய கட்டத்துக்குள் அடக்கிக் கொடுக்கிறது.

65,536-ம் நம்பர் ஆள்

அடக்க முடியாவிட்டால்? இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும்.

லினக்ஸில் ஒவ்வொரு உபயோகிப்பாளருக்கும் ஒரு நம்பர் உண்டு. ஆபீசில் நமக்கெல்லாம் டோக்கன் நம்பர் இருப்பதுபோல. ஆரம்பத்தில் இதற்கு 16 பிட் இடம் ஒதுக்கினார்கள். 0 முதல் 65,535 வரைதான் அதில் அடங்கும். பெரிய நிறுவனங்களுக்கு இது போதவில்லை. 2001 ஜனவரியில் வந்த 2.4 பதிப்பில் இடத்தை 32 பிட்டாகப் பெருக்கினார்கள். "நான் யார்?" என்று கேட்கும் பழைய 24-ம் நம்பரை அப்படியே வைத்துக்கொண்டு, புதிய புரோகிராம்களுக்கு 199-ம் நம்பரைத் திறந்தார்கள்.

இப்போது 65,536 என்ற நம்பருள்ள ஆள் ஒருவர் இருக்கிறார். அவருடைய பழைய புரோகிராம் 24-ம் நம்பரில் கேட்கிறது. 16 பிட் கட்டத்தில் அந்த எண்ணைத் திணித்தால் முன்பகுதி வெட்டுப்பட்டு 0 என்று நிற்கும். 0 யாருடைய நம்பர் தெரியுமா? கம்ப்யூட்டர் முழுவதற்கும் அதிகாரியாக இருக்கும் சூப்பர் யூசரின் நம்பர்! சாதாரண குமாஸ்தாவைப் பார்த்து, "நீங்கள்தான் ஜெனரல் மானேஜர்" என்று புரோகிராம் நம்பிவிடும்.

ஆகவே கெர்னல் வெட்டிக் கொடுப்பதில்லை. எண் அடங்காவிட்டால், எல்லோருக்கும் பொதுவாக 65,534 என்ற நம்பரைக் கொடுக்கிறது. "அடங்காத ஆள்" என்பதற்கு அது அடையாளம். விடை முழுதாக இல்லை. ஆனால் ஒருவருடைய அதிகாரத்தை இன்னொருவருக்குக் கொடுத்த பழி வராது. பழையவருக்கு உதவுவது வேறு, பொய் சொல்வது வேறு என்பதை இதில் காணலாம்.

ஐந்து முறை முணுமுணுப்பு

ஒரு பைலின் அளவு, தேதி முதலிய விவரங்களைக் கேட்பதற்கு 32 பிட் லினக்ஸில் மூன்று தலைமுறை நம்பர்கள் உண்டு. பாட்டன் 18. மகன் 106. பேரன் 195. கட்டங்கள் போதாமல் போனபோதெல்லாம் புதிய நம்பர் திறந்தார்கள். பாட்டனை வீட்டை விட்டு அனுப்பவில்லை.

18-ம் நம்பரில் யாராவது வந்து கேட்டால், கெர்னல் வேலையைச் செய்து கொடுத்துவிட்டுத் தன் குறிப்பேட்டில், "இந்தப் புரோகிராம் பழைய முறையில் கேட்கிறது, மறுபடி தயாரியுங்கள்" என்று எழுதி வைக்கும். ஐந்து முறைதான் எழுதும். அதற்குமேல் சொல்லிப் பயனில்லை என்பதுபோல் பேசாமல் வேலையைச் செய்துகொண்டிருக்கும். வீட்டில் மூத்தவர்களுக்குப் புத்தி சொல்லும் மருமகளும் இப்படித்தான்!

ஆனால் பைல் இரண்டு கிகாபைட்டுக்கு மேல் போய்விட்டால் பாட்டனுடைய கட்டத்தில் அளவு அடங்காது. அப்போது கெர்னல் தப்பான அளவைச் சொல்லாமல், "அடங்கவில்லை" என்று பிழை கொடுத்துவிடுகிறது.

வயதை மறைக்கும் கெர்னல்

2011 ஜூலையில் இன்னொரு வேடிக்கை. 2.6.39 வரை எண்ணிக்கொண்டு போன லினக்ஸ் பதிப்பு எண்ணை 3.0 என்று மாற்றினார்கள். உள்ளே பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. எண் நீண்டுகொண்டே போகிறதே என்பதுதான் காரணம். ஆனால் பதிப்பு எண் 2.6 என்றே தொடங்கும் என்று நம்பி எழுதப்பட்ட புரோகிராம்கள் சில தடுமாறின.

மூலப் பிரதி இல்லாத புரோகிராமைத் திருத்துவது எப்படி? 3.1 பதிப்பில் வழி செய்தார்கள். குறிப்பிட்ட புரோகிராமுக்காகக் கேட்டுக்கொண்டால், கெர்னல் அதனிடம் மட்டும், "என் எண் 2.6.40" என்ற வரிசையில் சொல்லும். மற்றவர்களிடம் உண்மை எண்ணையே சொல்லும். இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

இதற்கு விலை உண்டா?

உண்டு. பழைய வாசலைத் திறந்து வைத்தால் காவலும் போட வேண்டும். புது வாசலிலேயே எல்லோர் கண்ணும் இருக்கும். பழைய வாசலைக் கவனிப்பவர் குறைவு.

2007-ல் 64 பிட் லினக்ஸின் பழைய வாசலில் ஒரு ஓட்டை தெரியவந்தது. உள்ளே வரும் நம்பரை முழுதாகச் சரிபார்க்காமல் விட்டதால், கம்ப்யூட்டரில் சாதாரண அனுமதி பெற்றவர் சூப்பர் யூசர் அதிகாரத்தைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. அடைத்தார்கள். பிறகு செய்த ஒரு மாற்றத்தில் அதே ஓட்டை மறுபடி திறந்துகொண்டது. 2010-ல்தான் கண்டுபிடித்து மீண்டும் அடைத்தார்கள். பழைய புரோகிராமே இல்லாத கம்ப்யூட்டர்களுக்கும் இந்த ஆபத்து இருந்தது. வாசல் அங்கேயும் திறந்துதானே இருந்தது!

2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்பு முதல், தேவையில்லாதவர்கள் கம்ப்யூட்டர் தொடங்கும்போதே பழைய வாசலைச் சாத்திவைக்க வசதி செய்திருக்கிறார்கள். வேண்டியவர்கள் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

எல்லோரும் லினக்ஸ் வழியில் போகவில்லை. விண்டோஸில் சிஸ்டம் கால் நம்பர்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஆனால் புரோகிராம்கள் நேரே நம்பர் சொல்லிக் கேட்பதில்லை. நடுவில் விண்டோஸின் சொந்தப் பகுதி ஒன்று ஏஜெண்டாக இருக்கிறது. அதனிடம் பெயரைச் சொன்னால், அன்றைய நம்பரை அது போட்டுக்கொள்ளும். அப்படியும், 64 பிட் விண்டோஸில் மிகப் பழைய 16 பிட் புரோகிராம்கள் ஓடுவதில்லை.

ஆப்பிள் கம்பெனி கையை விரித்துவிட்டது. 2017-ல் ஐபோனிலும், 2019-ல் மாக் கம்ப்யூட்டரிலும் 32 பிட் புரோகிராம்களை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களும் புதிய பதிப்பைப் போட்ட மறுநாள் அவற்றைத் திறக்க முடியாமல் நின்றார்கள்.

ஓபன் பி.எஸ்.டி. என்ற சிஸ்டத்தைச் செய்பவர்கள் 2014-ல் நேரக் கணக்கின் கட்டத்தைப் பெரிதாக்கியபோது, பழைய புரோகிராம்களை விட்டுவிட்டார்கள். எல்லாவற்றையும் மறுபடி தயாரித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மூலப் பிரதி கையில் இருப்பவர்களுக்கு அது நியாயமான வழி. இல்லாதவர்களுக்கு?

காலை 8 மணி 44 நிமிஷம்

கெர்னல் எவ்வளவு பொறுமையாக இருந்தாலும் காப்பாற்ற முடியாத இடம் ஒன்று உண்டு. அதற்கு நாள் குறித்தாகிவிட்டது.

லினக்ஸ் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளாக எண்ணுகிறது. பழைய 32 பிட் புரோகிராம்களில் இந்த எண்ணுக்கு உள்ள இடத்தில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரைதான் அடங்கும். 2038 ஜனவரி 19, நம் இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடிக்கு அது நிறைந்துவிடும். அடுத்த விநாடியில் எண் தலைகீழாகி, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

2019 மே மாதம் வந்த 5.1 பதிப்பில், பெரிய கட்டம் உள்ள நேர சிஸ்டம் கால்களை 403-ம் நம்பர் முதல் வரிசையாகத் திறந்துவிட்டார்கள். பழைய நம்பர்களும் வழக்கம்போல் இருக்கின்றன. ஆனால் பழைய நம்பரில் கேட்கும் புரோகிராமிடம் இருப்பது சிறிய பாத்திரம். கெர்னலிடம் சரியான நேரம் இருந்தாலும் ஊற்ற இடமில்லை. கவுண்ட்டர் திறந்திருக்கும் என்பதுதான் கெர்னல் கொடுத்த வாக்கு. கொண்டுவந்த பாத்திரத்துக்கு அது பொறுப்பேற்க முடியாது.

இன்னும் காலம் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். 2038-க்குப் பிறகு ஓய்வு பெறும் இளைஞரின் தேதியையோ, நீண்ட காலக் கடன் முடியும் தேதியையோ இந்தப் பழைய முறையில் கணக்கிடும் புரோகிராம் எங்காவது இருந்தால், அது இன்றைக்கே தவறும்.

நாம் கேட்க வேண்டிய கேள்வி

கம்ப்யூட்டர் எழுதுவது நம்மில் பலருடைய தொழில் அல்ல. ஆனால் அதன் முன்னால் உட்கார்ந்து வவுச்சரும் சம்பளப் பட்டியலும் போடுகிறவர்கள் நாம்தான். "பத்து வருஷமாக ஒரு தொல்லையும் இல்லாமல் ஓடுகிறது" என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்த ஓட்டத்துக்கு அடியில் பழைய நம்பரை மறக்காத கெர்னலும் இருக்கிறது.

ஆகவே ஆபீசில் பழைய புரோகிராம் ஏதாவது இருந்தால், மூன்று கேள்விகளை மேலதிகாரியிடம் எழுத்து மூலமாகவே கேட்டு வைக்கலாம். இதை எழுதியவர் யார்? மூலப் பிரதி எங்கே இருக்கிறது? 2038-க்குப் பிந்திய தேதி ஒன்றைப் போட்டுப் பார்த்தாயிற்றா?

மூன்றாவது கேள்விக்கு விடை காண ஐந்து நிமிஷம் போதும். நிஜக் கணக்கில் போடாமல், கணக்கின் நகல் ஒன்றில் 2038 ஜனவரி 20 என்று தேதி போட்டுப் பாருங்கள். 1901 என்று வந்தால், முதல் இரண்டு கேள்விகளையும் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.